பாபினுக்கு ரெண்டு மடக்கு

அவ பேர நான் எழுதப் போறதில்ல. எழுதினேன்னு தெரிஞ்சா எங்க இருந்தாலும் தேடிகினு வந்து, "என்னப் பத்தி இத்தினி பக்கம் எழுதினியே, எழுதறப்ப எத்தினி வாட்டி தண்ணி குடிச்ச?"ன்னு கேப்பா. என்கிட்ட பதில் இருக்காது. அந்த அவமானம் நமக்கு வேணாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டுல ஒரு சட்டை கம்பெனியில நான் ஏழு வருஷம் தச்சேன். சேக்காட்டுலேர்ந்து கம்பெனி வேன்ல வந்து எட்டரைக்கு மிஷின்ல குந்தினா, அஞ்சரைக்குத்தான் எழுந்திரிக்கிறது. நான் காலர் தைக்கிறவ. அவ கக்கூஸ் கழுவுறவ. அவ போட்டிருந்த நீலக் கோட்டுல ஹவுஸ்கீப்பிங்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கும். யாராவது அந்த வார்த்தைய சொன்னா அவளுக்கு சிரிப்பு பொத்துகினு வரும். "ஊட்ட எங்கமே காக்குறேன் நானு? நீ காலர் தைக்கிற, நான் கக்கூஸ் கழுவுறேன். மேட்டர் ஓவர்"ன்னுவா.

என் வயசுதான் அவளுக்கும். முப்பத்திரெண்டு, முப்பத்திமூணு இருக்கும். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்துல ஊடு. நல்லா நெட்டையா, ஒல்லியா, பேண்ட்ட முட்டி வரைக்கும் சுருட்டி விட்டுகினு நடப்பா. தொண்டை மட்டும் எங்கேர்ந்துதான் வாங்கினாளோ, நாப்பது மிஷின் ஓடுற சத்தத்த தாண்டி அவ குரல் கேக்கும்.

என்னன்னு கேக்கும்? அதத்தான் சொல்ல வர்றேன்.

"எவடி அது மூணாவது ரூமுக்குப் போயிட்டு வந்தவ? டீ டிகாஷன் கலர்ல போயிக்கிற! இன்னிக்கி ஒரு சொட்டு தண்ணி குடிச்சியா நீ?"

லைன் மொத்தமும் தலைய மிஷினுக்குள்ள நொழைச்சிக்கும். எங்க சூப்பர்வைசர் ஆம்பள, அவருக்கு காது ரெண்டும் செவந்துடும். கம்பெனியில ஃப்ளஷ் எல்லாம் வேலை செய்யாது, பக்கெட்டுல மோந்துதான் ஊத்தணும். அவசரத்துல நாங்க பாதி பேர் ஊத்தாம ஓடியாந்துடுவோம். அதனால அவளுக்கு எங்க எல்லாரோட கலரும் அத்துப்படி. யாரு என்ன புடவை கட்டினாங்கன்னு நாங்க பேசிக்கிற மாதிரி அவ அதப் பேசுவா.

"ஐய, கொஞ்சமாச்சும் வெக்கம் கீதாடி உனக்கு?"ன்னு நான் ஒரு தபா கேட்டேன்.

"இன்னாத்துக்கு வெக்கம்? உள்ள போறதப் பத்தி நாள் பூரா பேசுறீங்க, பிரியாணி, வறுவல்னு. வெளிய வர்றதப் பத்தி நான் ரெண்டு வார்த்தை பேசக்கூடாதா? ஒடம்பு உன்னாண்ட லெட்டர் போடுதுமே. அத்த நீ படிக்காம பக்கெட்டு தண்ணி கூட ஊத்தாம ஓடுற."

நான் மிஷினாண்ட ஓடிட்டேன்.

நாங்க ஏன் தண்ணி குடிக்க மாட்டோம்னு சொல்லணும். லைனுக்கு நாப்பது பொம்பளைங்க. வெளிய போக பாஸ் ஒண்ணே ஒண்ணு. பாஸ்னா காகிதம் இல்ல, கயித்துல கோத்த ஒரு மரக்கட்டை. சூப்பர்வைசர் மேசை மேல ஆணியில தொங்கும். அத எடுத்து கழுத்துல மாட்டிகினு போகணும், திரும்பக் கொண்டாந்து மாட்டினாத்தான் அடுத்தவ போகலாம். மாட்டுக்கு மணி கட்டின மாதிரி கழுத்துல அத மாட்டிகினு நாப்பது பேர் முன்னாடி நடக்க எவளுக்குப் புடிக்கும்? அங்க போனா கதவுக்கு தாப்பா கெடையாது. ஒரு கையால கதவ இழுத்துப் புடிச்சிகினுதான் குந்தணும்.

அதனால நாங்க ஒரு வித்தை கத்துகினோம். காலையில ஊட்ல அரை டம்ளர் காப்பி. மதியம் சோறு தொண்டையில நின்னா ஒரு மடக்கு. அவ்ளோதான். "நான் காலையில போனவதான், இனிமே ஊட்டாண்ட போயிதான்"னு பெருமையா சொல்லிப்போம். மெடல் குடுக்கலியேன்னு ஒண்ணுதான் குறை. குடுத்திருந்தா எனக்குத்தான் குடுத்திருப்பாங்க. மூணு மணியானா தலைய வலிக்கும், மிஷின் சத்தம்னு சொல்லுவோம். கெண்டக்கால் இழுத்துக்கும், பெடல் மிதிச்சதுன்னு சொல்லுவோம். போறப்ப எரிஞ்சா ஒடம்பு சூடுன்னு வெந்தயத்த முழுங்குவோம். எல்லாத்துக்கும் ஒரு காரணம் கைவசம் இருந்தது. தண்ணி குடிக்கலன்னு மட்டும் ஒருத்தியும் சொல்லிக்க மாட்டோம்.

ஒரு தபா கம்பெனியில மெடிக்கல் கேம்ப் போட்டாங்க. ஒரு டாக்டரம்மா வந்து, ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் குடிக்கணும், குடிக்கலன்னா கல்லு வரும், கிருமி வரும்னு படம் போட்டுக் காட்டினாங்க. நாங்க பள்ளிக்கூடப் புள்ளைங்களாட்டம் தலைய ஆட்டினோம். அவ கடைசியில வெளக்குமாத்த புடிச்சிகினு நின்னுகினு இருந்தா.

"குடிக்கலாம் மேடம், நல்லா குடிக்கலாம். குடிச்சிட்டு எங்க போவாங்க? நாப்பது பேருக்கு ஒரு கட்டை, கதவுக்கு தாப்பா கெடையாது. ஒரு தபா நீங்க போயிட்டு வந்து சொல்லுங்க."

டாக்டரம்மா படத்த சுருட்ட ஆரம்பிச்சாங்க. ஆபீஸ் மேடம் போன்ல எதையோ தேட ஆரம்பிச்சிட்டாங்க. மறுநாள்லேர்ந்து அவ மிஷின் ரிப்பேர் பாக்குற மெக்கானிக் மேசைக்கு முன்னாடி போயி நின்னா. டீ டைம்ல நின்னா, சோத்து டைம்ல நின்னா. அந்த ஆளு டீய வாயில வெக்கிறப்பல்லாம் "தாப்பா"ன்னா. நாலாவது நாள் அவரு பேஜாராயி, ஸ்க்ரூ டிரைவர எடுத்துகினு வந்து மூணு கதவுக்கும் தாப்பா போட்டுட்டுப் போனாரு. தண்ணி குடின்னு வாயால சொன்னவங்க நெறைய பேரு. போறதுக்கு ஒரு எடத்த பண்ணிக் குடுத்துட்டு சொன்னவ அவ ஒருத்திதான், இத நான் எங்க வேணா அடிச்சி சொல்லுவேன்.

தாப்பா வந்ததும் எங்க லைன்ல ஒருத்தி உற்சாகமாயி, மதியம் ஒரு பாட்டில் தண்ணிய ஒரே மூச்சுல ஏத்திட்டா. மூணு மணிக்குப் பாத்தா அவளுக்கு முன்னாடி மூணு பேரு கட்டைக்கு நிக்கிறாங்க. மிஷினுக்கும் மேசைக்கும் நடுவுல அவ ஆடின ஆட்டம் இருக்கே! எங்களுக்கு சிரிச்சி சிரிச்சி ஊசி ஒடஞ்சிடுச்சி.

"இன்னாமே, மொட்டமாடி டேங்கா ரொப்புற?"ன்னு அவ வந்தா. "ஒரே வாட்டி ஊத்துனா ஒரே வாட்டிதான் வரும். பாபின் தீந்து மாத்துறல்ல, அப்ப ரெண்டு மடக்கு. மாத்து, குடி, மிதி. இதுக்கு வாட்ச் பாக்க வாணாம், ஒண்ணும் வாணாம்."

பாபின்ங்கிறது தையல் மிஷினுக்கு அடியில போடற நூல்கண்டு. எங்க வேகத்துக்கு அரை மணிக்கு ஒண்ணு தீரும். சூப்பர்வைசரால ஒண்ணும் சொல்ல முடியல, பாபின் மாத்துறத யாரு கேக்க முடியும்? ரெண்டு மாசத்துல எங்க லைனுக்கு மூணு மணி தலைவலி போயிடுச்சி. நானும் குடிச்சேன். மெடல் போச்சேன்னு வருத்தம்தான், ஆனா ராத்திரி கெண்டக்கால் இழுக்கல.

அப்பதான் என் கதை ஆரம்பிச்சது.

எனக்குக் கல்யாணமாயி எட்டு வருஷம் புள்ள இல்ல. எட்டு வருஷம் ஒரு பொம்பள என்னென்ன பேச்சு கேப்பான்னு இங்க எழுதினா பக்கம் பத்தாது. மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் குடுத்து வேண்டிகினேன். வயித்துல நின்னுடுச்சி. ஊட்டுக்காரர்கிட்ட மட்டும் சொன்னேன், வேற ஒருத்திகிட்டயும் மூச்சு விடல. ஏன்னா நான் கான்ட்ராக்ட்டு. எங்க கம்பெனியில கான்ட்ராக்ட்டுப் பொம்பளைக்கு வயிறு தெரிஞ்சா, "பெத்துட்டு வாம்மா"ன்னு வெளிய அனுப்பிடுவாங்க. பெத்துட்டு வந்தவள திரும்ப எடுத்தத நான் பாத்ததில்ல. ஆறாவது மாசம் வரைக்குமாச்சும் வயித்த துப்பட்டாவுல மறைச்சி ஓட்டிடணும்னு முடிவு பண்ணிட்டேன்.

ஆனா மாசமா இருக்கிறவளுக்கு அடிக்கடி போக வருமே. அரை மணிக்கு ஒரு தபா கட்டைய மாட்டிகினு நடந்தா, மைக் வெச்சி சொல்ற மாதிரிதான். அதனால பாபின் தண்ணிய நிறுத்தினேன். போதாததுக்கு, புள்ள பொறக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை பச்சத்தண்ணி பல்லுல படாம இருக்கேன்னு ஒரு வேண்டுதல் வேற. அம்மன் கேக்கல, நானா போட்டுகினது.

நாலாவது மாசம் ஒரு வெள்ளிக்கிழமை, கை கழுவுற எடத்துல நின்னுகினு இருந்தேன். அவ பக்கத்துல வந்து, மெதுவா, ரொம்ப மெதுவா கேட்டா. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருக்குன்னே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

"எத்தினி மாசம்?"

"இன்னா ஒளற்ற?"ன்னேன்.

"டபாய்க்காதமே. நாலு மாசமா குப்பைத் தொட்டியில உன் பொட்டலம் ஒண்ணும் வர்ல. காலையில வாந்தி எடுத்துட்டு மூணு பக்கெட்டு ஊத்துற. இத்தினி நாள் தண்ணி மாதிரி போனவ இப்ப ஒரே தபா வர்ற, அதுவும் அடி டிகாஷன்."

அழுதுட்டேன். சொல்லிடாதடி, வேலை போயிடும்னு அவ கையப் புடிச்சிகினேன். எட்டு வருஷம்னு சொன்னேன். வேண்டுதலையும் சொன்னேன்.

"நான் எவளாண்டயும் சொல்ல மாட்டேன். ஆனா நீ குடிக்கணும். குடிக்கலன்னா நான் வாயத் தொறந்துடுவேன், அப்புறம் என்ன வையாத"ன்னா. "எந்த அம்மனாச்சும் புள்ளையக் குடுத்துட்டு அத்த காயப் போடும்பாளா? கோயில்ல குடுத்த பழம் கீதா பையில?"

இருந்தது. போன வாரம் மாங்காட்டுக்குப் போனப்ப பிரசாதமா குடுத்த எலுமிச்சம்பழம். அத வாங்கி நெகத்தால கிழிச்சி என் பாட்டில்ல புழிஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு எங்கேர்ந்தோ கொண்டாந்து போட்டுக் குலுக்கினா. "தோ, அம்மனே குடுத்தது. பிரசாதத்த வாணாம்னு சொல்லுவியா நீ?"

சொல்ல முடியுமா? குடிச்சேன். எந்த பூட்டுக்கு எந்த சாவின்னு தெரிஞ்சவ அவ.

ரெண்டு வாரம் ஒழுங்கா இருந்தேன். அப்புறம் சட்டைய கப்பலேத்தற ஷிப்மென்ட் அவசரம் வந்துது. சூப்பர்வைசர் தலைக்கு மேல நின்னு பீஸ் எண்ணுறாரு. கட்டைக்குப் போன நேரத்தக் கூட நோட்டுல எழுதறாரு. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? சொல்லவே கூசுது. தெனம் மதியம் பாட்டில் தண்ணிய வாஷ்பேசின்ல கவுத்துட்டு, காலி பாட்டில அவ கண்ணுல படற மாதிரி மிஷின் கால்கிட்ட வெச்சேன். எரிச்சல் ஆரம்பிச்சது, சூடுன்னு வெந்தயம் முழுங்கினேன். இடுப்புக்கு மேல ஒரு பக்கமா குத்த ஆரம்பிச்சது, குந்தி குந்தி தைக்கிறதுன்னு தைலம் தேச்சேன். அவ சந்தேகப்பட்டு எட்டிப் பாக்கக் கூடாதுன்னு, நாலு பக்கெட்டு ஊத்திட்டு வருவேன். ஊருல இருக்கிற தண்ணியெல்லாம் கக்கூஸுக்கு ஊத்தினேன், என் வயித்துக்கு மட்டும் ஊத்தல.

மே மாசம், ஃபேன் காத்தே அனலா அடிக்குது. எனக்கு குளுருது. பல்லு கிட்டுது. காலர் முனை ரெண்டா தெரியுது. அந்தப் பக்கம் பெருக்கிகினு வந்தவ நின்னா. என் கழுத்துல கைய வெச்சா.

"அடியே, கொதிக்குது."

"ஒண்ணுமில்ல, போ."

பாட்டில எடுத்துப் பாத்தா. காலி. "குடிச்சியா?"

"குடிச்சேன்."

"வயித்துல கைய வெச்சி சொல்லு."

கை எழும்பல எனக்கு. எப்படி எழும்பும்? அவ குனிஞ்சி என் மிஷின் சுவிட்ச நிறுத்தினா. நிமிந்தா. அந்தத் தொண்டையத் தொறந்தா.

"சார்! இந்தப் பொண்ணு முழுகாம கீது! அஞ்சாம் மாசம்! ஜொரம் அனலா கொதிக்குது, வேன எடுக்கச் சொல்லு சார்!"

நாப்பது மிஷினும் நின்னுது. அத்தனை மூஞ்சியும் என் வயித்தப் பாக்குது. அஞ்சு மாசமா பொத்திப் பொத்தி வெச்சது போச்சி. வேலை போச்சி. ஆத்திரத்துல என் வாயில என்ன வருதுன்னே எனக்குத் தெரியல.

"கக்கூஸ் கழுவுறவளுக்கு என் வயித்துல கீற புள்ளையப் பத்தி இன்னாடி தெரியும்?"

அவளே தெனம் பத்து வாட்டி சொல்ற வார்த்தைதான். ஆனா அவ சொல்றப்ப அது அவ வேலை. நான் சொன்னப்ப அது வேற. அவளுக்கும் புரிஞ்சிது, லைன் மொத்தத்துக்கும் புரிஞ்சிது.

"கழுவுறவளுக்குத்தான்மே தெரியும்"ன்னா. கத்தாம சொன்னா. அப்புறம் என் அக்குள்ல கைய குடுத்து தூக்கினா.

ஆஸ்பத்திரியில டாக்டர் என் ஊட்டுக்காரரத்தான் திட்டினாங்க. மூத்திரத்துல வந்த கிருமி கிட்னி வரைக்கும் ஏறிடுச்சாம். அந்த ஜொரத்துக்கு வயிறு இறுக்கிப் புடிக்க ஆரம்பிச்சிடுச்சாம். "ரெண்டு நாள் விட்டிருந்தா கொழந்த தங்கியிருக்காது"ன்னாங்க. ஒவ்வொரு பாட்டிலா ஏத்தினாங்க, மருந்து போட்டாங்க. அவ சாயங்காலம் வரைக்கும் என் கட்டிலாண்டதான் குந்தியிருந்தா. நான் செவுத்தப் பாத்துத் திரும்பி படுத்துகினேன். கெளம்பறப்ப என் ஊட்டுக்காரர்கிட்ட, "அண்ணாத்தே, ஊட்ல பாபின் கெடையாது. டிவியில வெளம்பரம் போடறப்பல்லாம் ரெண்டு மடக்கு குடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனா.

நான் பயந்த மாதிரியேதான் ஆச்சி. பெத்துட்டு வாம்மான்னுட்டாங்க. ஒரு மாசம் அவள மனசுல வெச்சி வெச்சி வஞ்சேன். அந்த ஒரு மாசமும் வெளம்பரத்துக்கு ரெண்டு மடக்கு குடிச்சிகினேதான் வஞ்சேன், அது வேற. அப்புறம் உள்ள இருந்து புள்ள ஒதைக்க ஆரம்பிச்சிது. அது ஒதைக்க ஒதைக்க என் கோவம் கரைஞ்சி போயி, வெக்கம் வந்து குந்திகிச்சி. அவளுக்கு இல்லாத வெக்கமெல்லாம் எனக்கு வந்துது.

பொண்ணு பொறந்தா. மூணாவது மாசம் அவளத் தூக்கிகினு கம்பெனி கேட்டாண்ட போனேன். ஷேர் ஆட்டோவுல வர்றப்ப பூரா மனப்பாடம் பண்ணினேன், இப்படிச் சொல்லணும், அப்படிச் சொல்லணும்னு. கேட்டு வாட்ச்மேன் உள்ள போயி சொன்னாரு. அவ ஈரக் கையோட ஓடியாந்தா. என்னப் பாத்தா, புள்ளையப் பாத்தா, அப்படியே நின்னுட்டா.

"இரு வரேன்"னு திரும்பி உள்ள ஓடினா. சோப்பு போட்டு முழங்கை வரைக்கும் கழுவிகினு வந்தா. வந்தும் ரெண்டடி தள்ளியே நின்னா. கோட்டுல கையத் தொடச்சா. மறுபடியும் தொடச்சா. ஊரே கேக்க கலரு சொன்னவ, மெதுவா கேட்டா.

"தூக்கலாமா?"

மனப்பாடம் பண்ணதெல்லாம் எங்க போச்சோ தெரியல. நான் அன்னிக்கி சொன்னது அவ கையில ஒட்டிகினு இருக்குன்னு அப்பதான் தெரிஞ்சிது. எந்த சோப்பு போட்டும் அது போகல. பேசாம புள்ளைய அவ கையில வெச்சி அழுத்தினேன்.

என் பொண்ணு அவள ஒரு பார்வை பாத்துட்டு, தாராளமா, அவ கோட்டு மேல ஒண்ணுக்குப் போனா.

"ஐயோ, குடு"ன்னு நான் கைய நீட்டினேன். அவ குடுக்கல. புள்ளைய ஒசரத் தூக்கி, கோட்ட வெளிச்சத்துல இழுத்துப் பாத்து, பழைய தொண்டையில கத்தினா. "யோவ் வாட்ச்மேன், பாருய்யா! எம்மாம் தெளிவு! கறையே கெடையாது! என் கண்ணு, ஷோக்கா கீறடி நீ!" உள்ள கட்டை போயிடுச்சாம், என்ன வேன்ல ஏத்தின நாளே மேனேஜர் பயந்துபோயி ஆணியோட புடுங்கிட்டாராம், அதையும் அதே மூச்சுல சொன்னா. சொல்லிகினே என் மூஞ்சப் பாத்தா.

"உன் ஒதடு ஏன் காஞ்சி கீது? பால் குடுக்கிறவ நீ. காலையிலேர்ந்து எவ்ளோ குடிச்ச?"

கைக்கொழந்தையோட ஷேர் ஆட்டோவுல வர்றமே, வழியில எங்க போறதுன்னு, ஒரு சொட்டு குடிக்காமத்தான் வந்திருந்தேன்.

"இவள!"ன்னு பல்லக் கடிச்சா. புள்ளைய ஒரு கையில இடுக்கிகினு, வாட்ச்மேன் ரூம் ஜன்னல்ல இருந்த தன் தண்ணி பாட்டில எடுத்து நீட்டினா. கம்பெனியில யார் பாட்டில வாங்கினாலும் அண்ணாந்து ஊத்திக்கிறதுதான் எங்க எல்லாருக்கும் பழக்கம். நான் அண்ணாக்கல. வாய வெச்சி, உறிஞ்சி, பாதி பாட்டில் வரைக்கும் எறக்கினேன்.

"எச்ச பண்ணிட்டியேடி"ன்னா அவ.

"பண்ணிட்டேன்"ன்னேன்.

பாட்டில வாங்கினா. மிச்சத்த அவளும் வாய் வெச்சே குடிச்சா.